340 சதுர அடி வீட்டிற்கு எந்தக் கட்டில்?

குறைந்த விலையில், சிறிய வீட்டிற்குப் பொருந்தும் வகையில், இக்கால வடிவமைப்புடைய வீட்டுப்பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று சென்ற ஆண்டு நான்கு மாதங்கள் தேடினேன். என் ஆய்வுப்புலம் மொழியியல். சித்தூர்ப் பகுதியின் தமிழ்–தெலுங்கு இருமொழிப் பேச்சை ஆராய்ந்து வருகிறேன். வடிவமைப்புத் துறையில் முறையான பயிற்சி எனக்கு இல்லை. தங்கையின் திருமணத்தை ஒட்டி இத்தேடல் என் பொறுப்பாயிற்று. தேடலில் தெரிய வந்தவை குடும்பச் செய்தி என்ற அளவில் நின்றுவிடவில்லை. பொருளுக்கும் சொல்லுக்கும், விலைக்கும் மதிப்பிற்கும் உள்ள உறவு பற்றிச் சில வினாக்களை அவை எழுப்பின. நம் துறைகளில் பயில்வோருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றி. எங்கள் ஊர் வெதுருகுப்பம். தங்கை வாழப்போகும் வீடோ, ஆந்திர அரசு 2020 டிசம்பர் 25 அன்று தொடங்கிய ‘பேதலந்தரிகீ இல்லு’, அதாவது ‘ஏழைகள் அனைவருக்கும் வீடு’ என்னும் திட்டத்தில் உருவான ஒரு காலனியில் இருக்கிறது. இத்திட்டத்தில் ஊரகப் பகுதியில் ஒன்றரை சென்ட், நகரப் பகுதியில் ஒரு சென்ட் மனை வழங்கப்பட்டது. பட்டா வீட்டுப் பெண்ணின் பெயரில் அமையும். வீட்டின் பரப்பு 340 சதுர அடி. கட்டுவதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 1,80,000 ரூபாய். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, குளியலறை, முன்பக்கம் சிறிய தாழ்வாரம். இதில் மணமகனும் அவருடைய தாயாரும் வாழ்ந்து வந்தனர். மூன்றாமவராகத் தங்கை செல்கிறாள்.

படுக்கையறையை நானே அளந்தேன். ஒன்பதடிக்கு எட்டடி, அதாவது 72 சதுர அடி. எங்கள் பக்கத்தில் சீர் என்றும் தெலுங்கில் சாரெ என்றும் வழங்கும் வரிசைப் பொருள்களில் மூன்று தவறாமல் இடம்பெறும்: இரட்டைக் கட்டில், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி பதித்த ஒப்பனை மேசை. கடைகளில் விற்கும் இரட்டைக் கட்டில் ஆறடிக்கு ஆறரை அடி, 39 சதுர அடி. அறையில் பாதிக்கு மேல் கட்டிலே எடுத்துக்கொள்கிறது. பீரோவின் கதவு திறக்க இரண்டடி விட வேண்டும். அறையின் கதவும் உட்பக்கமாகத் திறக்கும். தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். மூன்றையும் வைத்தால், கட்டிலின் மேல் ஏறித்தான் சன்னலை அடைய முடியும்.

திருப்பதியில் ஏறி இறங்கிய கடைகளில் இம்மூன்றிற்கும் சொல்லப்பட்ட மிகக் குறைந்த விலை, மெத்தையையும் சேர்த்து, 63,000 ரூபாய். வீடு கட்டத் தந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல். ஓர் அறையை நடக்க இயலாதபடி நிரப்புவதற்கு இத்தொகை.

கடைகளில் நான் முதலில் சந்தித்தது சொற்சிக்கல். ‘நல்ல டிசைனில் எளிமையான கட்டில் வேண்டும்’ என்று கேட்டேன். தலைப்பக்கப் பலகையில் பூவும் மயிலும் செதுக்கிய கட்டில்களைக் காட்டினார்கள். கடைக்காரர் மீது பிழையில்லை. நம் பேச்சுத் தமிழிலும் இப்பகுதித் தெலுங்கிலும் ‘டிசைன்’ என்றால் மேற்பரப்பில் இடும் ஒப்பனை. சேலையில் டிசைன் உண்டு, சன்னல் கம்பியில் டிசைன் உண்டு, கோலத்திலும் உண்டு. ஒரு பொருள் எவ்வாறு பயன்படுகிறது, எவ்வளவு இடம் கொள்கிறது, உடைந்தால் எவ்வாறு செப்பனிடலாம் என்னும் பொருளில் அச்சொல் வழங்குவதில்லை. ‘வடிவமைப்பு’ அப்பொருளைத் தரும். ஆனால் அது நூல்வழக்கிலிருந்து கடைத்தெருவிற்கு இன்னும் வரவில்லை. கேட்பதற்கு ஒரு சொல் இல்லாத இடத்தில் அப்பொருளைக் கேட்டு வாங்குவதும் கடினம்.

இச்சிக்கலிலிருந்து வேறொரு கவனிப்பு பிறந்தது. வீட்டுப்பொருள்களுக்கு நாம் வழங்கும் பெயர்களைத் தொகுத்துப் பாருங்கள். மேசை, அலமாரி ஆகியவை போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. தெலுங்கின் ‘குர்ச்சி’ அரபு, பாரசீக வழியது. தமிழின் பீரோவும் தெலுங்கின் பீருவாவும் பிரெஞ்சு மூலத்தைக் கொண்டவை. நாற்காலி, முக்காலி என்பன கால்களை எண்ணி நாம் இட்ட பெயர்கள். இவற்றுக்கு எதிரே, வீட்டின் உறுப்புகளாகவே அமைந்தவற்றின் பெயர்களோ பெரும்பாலும் நம்முடையவை: திண்ணை, பரண், மாடம், உறி. தெலுங்கில் திண்ணைக்கு அருகு, பரணுக்கு அடக, உறிக்கு உட்டி. சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தைத் தெலுங்கில் ‘கூடு’ என்பர். தமிழில் கூடு பறவைக்குரியது, தெலுங்கில் இரண்டிற்கும் உரியது.

சொற்கள் காட்டுவது இதுதான். நம் பழைய வீட்டில் அமர்வதற்கும் வைப்பதற்கும் தனிப்பொருள்கள் குறைவு. திண்ணை இருக்கையாயிற்று, மாடம் அலமாரியாயிற்று, பரண் கிடங்காயிற்று. ‘சோபா’ என்னும் சொல்லின் மூலமாகிய அரபுச்சொல் ‘சுஃப்பா’விற்குக் கூட மேடையாக உயர்த்திய இருக்கை என்றே பொருள். அதாவது ஒரு திண்ணை. அரபு நாட்டில் வீட்டோடு இருந்த மேடை, ஐரோப்பா சென்று கால் முளைத்து, மெத்தை பூண்டு, விலைச்சீட்டுடன் நம் கூடத்திற்கு வந்திருக்கிறது.

எளிய மக்களுக்கு நல்ல வடிவமைப்பு என்பது இருபதாம் நூற்றாண்டின் பெருங்கனவுகளுள் ஒன்று. ஜெர்மனியில் 1919 முதல் 1933 வரை இயங்கிய பௌஹவுஸ் பள்ளி அக்கனவின் களம். அங்கிருந்த மார்செல் பிராயர் 1925இல் மிதிவண்டியின் கைப்பிடியைக் கண்டு இரும்புக்குழாய் நாற்காலியை உருவாக்கினார். நியூயார்க்கின் நவீனக்கலை அருங்காட்சியகம் 1948இல் குறைந்த விலை அறைகலன்களுக்கென்றே ஒரு பன்னாட்டுப் போட்டி நடத்தியது. சார்லஸ் ஈம்ஸ் குழுவினரின் வார்ப்பு நாற்காலி அதன்வழி 1950இல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் சண்டிகர் நகரம் எழுந்தபோது பியர் ழான்னரே, உள்ளூர்த் தச்சர்கள் செய்யத்தக்க வகையில் தேக்கும் பிரம்பும் கொண்டு அலுவலக நாற்காலிகளை வடிவமைத்தார்.

இம்மூன்றும் இன்று என்ன நிலையில் உள்ளன? பிராயரின் நாற்காலியும் ஈம்ஸின் நாற்காலியும் செல்வர் வீட்டுப் பொருள்கள். சண்டிகர் நாற்காலிகள் உடைசல் என்று கழித்து ஏலத்தில் விடப்பட்டன. பின்னர் அவையே மேலைநாட்டு ஏலக்கூடங்களில் பல்லாயிரம் டாலருக்கு விலைபோயின. 2011இல் நடுவண் உள்துறை அமைச்சகம் தலையிட்டு அவற்றின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதிக்க வேண்டியதாயிற்று. எளியோருக்கென்று பிறந்த பொருள், புகழ் பெற்றதும் அவர்களை விட்டு நீங்கிவிடுகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1972இல் பிரான்சில் ஆன்றி மசோனே உருவாக்கிய ஒற்றை வார்ப்பு நெகிழி நாற்காலியின் வழித்தோன்றல்களே இன்று நம் திருமண மண்டபங்களிலும் தேநீர்க் கடைகளிலும் அடுக்கிக் கிடப்பவை. உலகில் எவரும் வாங்கத்தக்க விலையில் நாற்காலி என்னும் கனவு நிறைவேறியது இவ்வொன்றில்தான். ஆனால் ஒரு கால் பிளந்தால் அதை எந்தத் தச்சரும் செப்பனிட இயலாது.

ஈம்ஸ் இணையர் இந்திய அரசின் அழைப்பில் இங்கு வந்து 1958இல் அளித்த அறிக்கை, 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அடிப்படையாயிற்று. அவ்வறிக்கையில் அவர்கள் பெரிதும் போற்றிய பொருள் நம் சொம்பு. அதை எவரும் தனியொருவராக வடிவமைக்கவில்லை, தலைமுறைகள் சேர்ந்து செதுக்கின என்பது அவர்கள் கருத்து. மொழியியல் மாணவனுக்கு இது பழகிய செய்தி. சொல்லையும் அவ்வாறே எவரும் தனியாக ஆக்குவதில்லை, வழக்கு ஆக்குகிறது. வழக்கில் இருப்பதற்கு உரிமைத்தொகை கிடையாது. எவரும் எடுத்துக்கொள்ளலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தலாம்.

நம் கடப்பா கல் அத்தகையதொரு வழக்கு. தெலுங்கில் நாபராயி எனப்படும் இக்கரிய சுண்ணாம்புக்கல் இயல்பாகவே அடுக்கடுக்காகப் பிளவுபடும் தன்மையது. அதனால் அறுக்கும் செலவு குறைவு. சித்தூரிலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ வீடுகளில் சமையல் மேடையும் சுவரலமாரியின் தட்டுகளும் இக்கல்லே. செல்லரிக்காது, நீரில் ஊறாது, மெருகு தேவையில்லை. எந்தக் கண்காட்சியிலும் இடம்பெறாமல், எந்தப் பெயரும் சூட்டப்படாமல், இக்கால வடிவமைப்பு வேண்டும் பண்புகள் பலவற்றையும் அது நிறைவேற்றி வருகிறது. கேரளத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கரும் இருக்கைகளையும் மாடங்களையும் செங்கல்லால் வீட்டோடு சேர்த்துக் கட்டியே செலவைக் குறைத்தார்.

இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு திட்டம் வகுத்தேன். பீரோவிற்குப் பதில் படுக்கையறைச் சுவரில் கடப்பா கல் தட்டுகள். தாழ்வாரத்தில் ஒரு திண்ணை. கட்டிலுக்குப் பதில் சுவரை ஒட்டிய மேடை, அதன் அடியில் பொருள் வைக்க அறைகள். கொத்தனாரிடம் மதிப்பீடு கேட்டேன். கடையில் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

அம்மாவிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“எல்லாம் சரிப்பா. சொவத்துல கட்டினதை நாளைக்கு ஒண்ணுன்னா எடுத்துக்கிட்டு வர முடியுமா?”

எந்த வடிவமைப்பு நூலிலும் நான் காணாத வினா இது. ஆனால் சட்டம் இதை அறியும். பெண்ணுக்கு வழங்கிய பொருள் அவளுடைய தனியுரிமை என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உறுதி செய்தது. வரதட்சணைத் தடைச்சட்டம் 1961ஆம் ஆண்டினது. அதன்கீழ் 1985இல் இயற்றிய விதிகள், கேளாமல் கொடுக்கும் அன்பளிப்புகளுக்குக் கூட எழுத்துவடிவில் பட்டியல் இருக்க வேண்டும் என்கின்றன. பொருளின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர் ஆகியன அதில் இருக்க வேண்டும். பீரோவைப் பட்டியலில் எழுதலாம். சுவரில் பதித்த கல்லை எழுத முடியுமா? பட்டா மாமியாரின் பெயரில் இருக்கும் வீட்டில், சுவரோடு சேர்ந்தது எல்லாம் அவ்வீட்டைச் சேர்ந்ததுதான்.

அம்மாவின் அச்சத்திற்கு மணமகன் வீட்டார் காரணமல்லர். அவர்கள் எதையும் கேட்கவில்லை. அம்மா தம் தலைமுறைப் பெண்களைப் பார்த்தவர். திரும்பி வந்தவர்கள் எதைக் கொண்டு வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. சீர்ப்பொருள்கள் பெரியனவாகவும் இரும்பாகவும் பூட்டுடையனவாகவும் இருப்பதற்குப் பகட்டு ஒன்றே காரணம் என்று கருதுவது குறைப்பார்வை. பீரோ என்பது புகுந்த வீட்டில் ஒரு பெண் தன் கையால் பூட்டித் தன்னிடம் சாவி வைத்துக்கொள்ளும் ஒரே இடமாகவும் இருந்திருக்கிறது.

எனவே தேவைப்பட்டியல் மாறியது. விலை குறைவு, இடம் குறைவு என்னும் இரண்டோடு மூன்றாவதும் சேர்ந்தது: பொருள் அவளுக்குரியதாக இருக்க வேண்டும், கழற்றி எடுத்துக்கொண்டு போகத்தக்கதாகவும் இருக்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக் கட்டில்கள் இவ்விடத்தில் தாமே விலகின. ஒருமுறை கழற்றினால் திருகாணி மறுமுறை பிடிப்பதில்லை. மழைக்காலத்தில் விளிம்பு உப்பிவிடுகிறது. ஸ்வீடனின் இகியா நிறுவனம் 1956இல் மேசைக்காலைத் தனியே கழற்றித் தட்டையாக அடுக்கி விற்கத் தொடங்கியது. கார் ஒன்றில் மேசையை ஏற்ற முடியாமல் காலைக் கழற்றியதில் தோன்றிய எண்ணம் என்பர். கடையிலிருந்து வீட்டிற்கு ஒருமுறை கொண்டுசெல்ல அங்கே கால் கழன்றது. இங்கே தேவை, எந்நாளும் கழற்ற முடிகிற கால்.

இறுதியில் செய்தது இது. கட்டிலை ஒரு வெல்டிங் பட்டறையில் செய்வித்தோம். இரும்புச் சட்டம், நான்கரை அடிக்கு ஆறேகால் அடி. எல்லா இணைப்பும் போல்ட், நட்டு. ஒரு ஸ்பானர் இருந்தால் கால் மணி நேரத்தில் பிரிக்கலாம். உயரத்தை இருபது அங்குலமாக்கினோம், அடியில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் நுழையும்படி. பீரோவின் வேலையை அப்பெட்டிகள் செய்கின்றன. பூட்டும் சாவியும் தங்கையிடம். ஒப்பனை மேசைக்குப் பதில் சுவரில் மாட்டும் கண்ணாடியும் மூங்கில் தட்டும்.

இந்த மூங்கில் தட்டைப் பற்றி ஒரு குறிப்பு. தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். சங்கத்தமிழின் வெதிர் அதன் உறவுச்சொல். எங்கள் ஊர்ப் பெயரின் முற்பாதி அதுவே. மூங்கில் வேலை செய்யும் மேதரர் முறமும் கூடையும் ஏணியும் தட்டியும் முடைந்து சந்தையில் விற்பர். 1927ஆம் ஆண்டு வனச்சட்டம் மூங்கிலை மரவகையில் சேர்த்திருந்தது. காட்டிற்கு வெளியே வளரும் மூங்கிலை அவ்வகையிலிருந்து 2017இல்தான் நீக்கினர். அதுவரை சொந்த நிலத்து மூங்கிலை வெட்டி எடுத்துச் செல்லவும் பல இடங்களில் அனுமதி தேவைப்பட்டது. தட்டைச் செய்தளித்த முதியவரிடம் அளவு சொன்னபோது, “இதுவரை யாரும் வீட்டுக்குள் மாட்ட என்று கேட்டதில்லை” என்றார்.

செலவுக் கணக்கு: கட்டில் 11,000, இலவம்பஞ்சு மெத்தை 6,000, இரண்டு டிரங்குப் பெட்டிகள் 5,600, கண்ணாடியும் தட்டும் 1,400. ஆக 24,000 ரூபாய். எஞ்சிய 39,000 ரூபாயைத் தங்கையின் பெயரில் வைப்புநிதியாக இட்டோம். கடப்பா கல் தட்டுகளையும் திண்ணையையும் கைவிடவில்லை. அவற்றை மணமகன் வீட்டார் தம் செலவில் கட்டிக்கொண்டனர். சுவரோடு சேர்வது வீட்டுக்காரர் செலவு, கையோடு செல்வது பெண்ணின் உடைமை என்று இரு குடும்பத்தாரும் பேசி முடித்தோம்.

எல்லோரும் உடன்பட்டார்கள் என்று எழுத விருப்பம்தான், நடந்தது அவ்வாறில்லை. அத்தை ஒருவர், “பீரோகூட இல்லாம பொண்ண அனுப்புவாங்களா?” என்று கூடத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னார். அம்மாவின் முகம் வாடியது. வைப்புநிதிச் சான்றைத் தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைக்கலாம் என்னும் எண்ணம் தங்கையுடையது. ஆனால் அதன் தொகையைப் பார்த்தவர்களைவிடப் பீரோ எங்கே என்று பார்த்தவர்களே மிகுதி. எங்களுக்குத் துணை வந்தவர் மாமியார். “இல்லு சின்னதே கதா” என்றார், வீடு சிறியதுதானே என்று. அறை நிரம்பிக் கூடமும் நிரம்பினால் தாம் தாழ்வாரத்தில் படுக்க நேரும் என்பதை அவ்வீட்டில் வாழ்பவர் அறிவார். இன்று தாழ்வாரத் திண்ணையில் மாலை நேரங்களில் அமர்ந்திருப்பவரும் அவரே.

மலிவான நல்ல வடிவமைப்பு ஏன் நம் வீடுகளுக்கு வருவதில்லை என்னும் வினாவிற்கு விலை என்ற விடை போதாது என்பதே இதிலிருந்து நான் பெற்றது. 24,000 ரூபாய்க்குள் அவ்வடிவமைப்பு இங்கேயே, ஒரு பட்டறையிலும் ஒரு சந்தையிலும் கிடைத்தது. தடையாக நின்றவை இரண்டு. ஒன்று, பொருளின் அளவைக் கொண்டு பெண்ணின் மதிப்பை அளக்கும் கண். மற்றொன்று, அப்பொருளைத் தவிர அவளுக்கு வேறு உடைமை இல்லாதிருக்கும் நிலை. முதலாவதைக் கண்டிப்பது எளிது. நாமும் கருத்தரங்குகளில் கண்டிக்கிறோம். இரண்டாவதற்கு விடை காணாமல் முதலாவதை மட்டும் கண்டிக்கும்போது, அம்மாவைப் போன்றவர்கள் நம் பேச்சை ஏற்காதிருப்பதற்கு நியாயம் இருக்கிறது. சிறிய வீடுகளுக்கு அறைகலன் வடிவமைக்கும் மாணவர்கள் நீளம், அகலம், விலை ஆகியவற்றோடு, ‘இது யாருடையது, நாளை யார் எடுத்துச் செல்வார்?’ என்பதையும் கேட்க வேண்டும்.

மொழியியல் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிப் பூட்டும் கட்டிலுக்கு எங்கள் பகுதியில் தனிப்பெயர் இல்லை. பட்டறைக்காரர் ‘நட்டு போல்டு மஞ்சம்’ என்றார். தமிழில் இலக்கியத்துக்குரிய மஞ்சம் தெலுங்கில் அன்றாடக் கட்டில் என்பதை அறிவீர்கள். திண்ணை, மாடம், பரண், உறி போன்றவற்றுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர்களையும், பெண்ணின் உடைமையாக வீட்டில் தனித்து வைக்கப்படும் பெட்டி, பேழை முதலியவற்றின் பெயர்களையும் ஊர்ப்பெயருடன் எழுதுங்கள். தொகுத்து வைக்கிறேன்.